சுரண்டுவது யார், சுரண்டப்படுவது யார்?

ஆங்கிலத்தில் ‘ஸ்கிரேப்’ என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. அகராதியைத் திறந்தால் ‘சுரண்டு’ என்று ஒரே சொல்லில் பொருள் போட்டிருப்பார்கள். நாமும் அத்துடன் திருப்திப்பட்டு அகராதியை மூடிவிடுவோம். ஆனால் இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. ஆங்கிலத்தில் சுரண்டுகிறவன் பெரும்பாலும் ஏழை. தமிழில் சுரண்டப்படுகிறவன்தான் ஏழை. கைவேலை ஒன்றுதான், ஆனால் கதை தலைகீழாக இருக்கிறது. இது எப்படி வந்தது என்று பார்க்கலாம்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வடகடல் தாண்டி வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் குடியேறினார்கள். அவர்கள் பேசியது பழைய நோர்ஸ் மொழி. ஆங்கிலத்தில் ‘ஸ்க்’ என்ற ஒலியோடு தொடங்கும் பல வீட்டுச் சொற்கள் அவர்கள் விட்டுச் சென்றவை. வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’, தோலைக் குறிக்கும் ‘ஸ்கின்’ எல்லாம் அந்த வகை. ‘ஸ்கிரேப்’ என்பதும் அந்த வழியில் வந்ததுதான். நோர்ஸில் ‘ஸ்க்ராபா’ என்றால் சுரண்டுவது. பழைய ஆங்கிலத்திலும் இதற்கு ஒரு தாயாதிச் சொல் இருந்திருக்கிறது. சுரண்டி விழுந்த துணுக்குக்கு ‘ஸ்கிராப்’ என்று பெயர். கோயம்புத்தூர் வார்ப்பட ஆலைகளில் பழைய இரும்பை எல்லோரும் ‘ஸ்கிராப்’ என்றுதானே சொல்கிறோம்? ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வைக்கிங் சொல் ஒன்று நம் பீளமேட்டிலும் கணபதியிலும் லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ‘ஸ்கிரேப்’பை ஆங்கிலேயர்கள் எங்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். கஷ்டப்பட்டுப் பிழைப்பு நடத்துபவன் பிழைப்பைச் சுரண்டி எடுக்கிறானாம். பரீட்சையில் 35 மார்க் வாங்கித் தப்பித்தவன் சுரண்டிக்கொண்டு தேறினானாம். ஆள் கிடைக்காமல் யாரையோ வேலைக்கு எடுத்தால் பீப்பாயின் அடியைச் சுரண்டினார்களாம். எஜமானுக்கு முன்னால் குனிந்து, வலது காலைத் தரையில் தேய்த்தபடி பின்னுக்கு இழுத்து வணங்குவதற்கும் இதே சொல்தான். சிக்கலில் மாட்டிக்கொண்டாலும் ‘ஸ்கிரேப்’பில் மாட்டிக்கொண்டான் என்பார்கள். எல்லாவற்றிலும் சுரண்டுகிறவன் கீழே இருப்பவன், இல்லாதவன், எப்படியோ ஒப்பேற்றுகிறவன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேலையை எப்படிச் சொல்கிறார்கள் என்றும் எனக்கு நினைவு வருகிறது. அவர்களுடைய சொல் ‘கிராத்தே’. தேங்காயையும் பாலாடைக்கட்டியையும் துருவுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘கிரேட்’ என்ற சொல் இதன் பழைய வடிவத்திலிருந்து போனது. குமாஸ்தாவைக் கேலி செய்ய பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு: ‘கிராத்-பாப்பியே’. நேர்ப்பொருள், காகிதம் சுரண்டி! பேனா முனையால் நாள் முழுக்கக் காகிதத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பவன் என்று அர்த்தம். அரசாங்கத்தில் எழுத்தர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இந்தப் பட்டம் முழுக்கப் பொருந்தும்.

கேலியாகச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது. எழுத்து என்பதே தொடக்கத்தில் சுரண்டல் வேலைதான். ஆங்கிலத்தின் ‘ரைட்’ என்ற சொல் முதலில் கீறுவதையே குறித்தது. நம் முன்னோர் எழுத்தாணியால் ஓலையைக் கீறி, அந்தக் கீறலில் மை தடவித் துடைத்தார்கள். ஐரோப்பாவில் ஆட்டுத்தோலில் எழுதினார்கள். தோல் விலை அதிகம். அதனால் பழைய எழுத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு அதன் மேலேயே புதிதாக எழுதுவார்கள். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசின் நூல் ஒன்று இப்படித்தான் 13ஆம் நூற்றாண்டில் சுரண்டப்பட்டு ஜெபப் புத்தகமாக மாறிப்போனது. 1906இல் டென்மார்க் அறிஞர் ஹைபெர்க் என்பவர் கான்ஸ்டாண்டிநோபிளில் அதைப் பார்த்து, ஜெபங்களுக்கு அடியில் கணிதம் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

அழிப்பதைக் குறிக்கும் ‘இரேஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் லத்தீனில் ‘சுரண்டி எடு’ என்ற பொருளில் பிறந்தது. சவரக் கத்தியைக் குறிக்கும் ‘ரேசர்’ அதன் உடன்பிறப்பு. 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்தில் 20வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பத்திரத்தில் இடைச்செருகலோ, வெற்றிடமோ, அழிப்போ, திருத்தமோ இருந்தால், எழுதிக் கொடுத்தவர்கள் அந்த இடத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட்டு உறுதி செய்யாதவரை, பதிவு அதிகாரி அதை ஏற்க மறுக்கலாம் என்கிறது அது. அங்கே அழிப்பு என்பதற்கு உள்ள ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் சுரண்டல்தான். ‘அடித்தல் திருத்தல் கூடாது’ என்று அலுவலகங்களில் சொல்வது வெறும் சம்பிரதாயத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். பிளேடு முனையால் ஒரு சர்வே எண்ணின் ஒரே இலக்கத்தைச் சுரண்டி மாற்றினால் ஒரு குடும்பத்தின் நிலம் கைமாறிவிடும். தப்பாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடி, பழையது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் போடு என்று எழுத்தர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அதனால்தான்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். தமிழில் இந்த வேலைக்கு ஒரு சொல் இல்லை, ஒரு கூட்டமே இருக்கிறது. தேங்காயைத் துருவுகிறோம். பாளையைச் சீவுகிறோம். மாவை வழிக்கிறோம். முதுகைச் சொறிகிறோம். புல்லைச் செதுக்குகிறோம். பூனை பிறாண்டுகிறது. அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுகிறோம். எந்தக் கருவி, எந்தப் பொருள், எவ்வளவு அழுத்தம் என்பதைப் பொறுத்து வினை மாறும். தேங்காயை ‘வழி’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மாவைச் ‘செதுக்கு’ என்றும் சொல்ல மாட்டார்கள்.

இவற்றில் ஒவ்வொன்றும் சமையலறையை விட்டு வெளியே வந்து வேறு வேலையும் பார்க்கிறது. துருவித் துருவிக் கேட்பது போலீஸ்காரர் வேலை. ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்வது மேடைப் பேச்சாளர்கள் வேலை. கல்யாண வீட்டில் கணவர் உளறத் தொடங்கினால் மனைவி மெதுவாக அவர் கையைச் சுரண்டுவார். நிறுத்துங்கள் என்று அர்த்தம். துருவிய தேங்காயை அள்ளித் தின்னும் பிள்ளையிடம், “திங்காத கண்ணு, உன்ற கண்ணாலத்தன்னிக்கு மழை ஊத்தும்” என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் மிரட்டுவார்கள். மழைக்கு ஏங்கிக் கிடக்கும் தாராபுரத்தில் இது மிரட்டலா ஆசீர்வாதமா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆனால் ‘சுரண்டு’ என்ற சொல் மட்டும் மற்றவை போகாத இடத்துக்குப் போனது. ஒரு மனிதனின் உழைப்பை இன்னொருவன் தின்பதற்குச் ‘சுரண்டல்’ என்று பெயர் வைத்தோம். இதற்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உள்ள சொல் ‘எக்ஸ்ப்ளாய்ட்டேஷன்’. இரண்டு மொழியிலும் எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பு மட்டும் வேறு. அதன் லத்தீன் வேருக்குப் ‘பிரித்து விரி’ என்று பொருள். அதில் கெட்ட வாடையே கிடையாது. இன்றைக்கும் பிரெஞ்சு அரசாங்கப் படிவங்களில் ஒரு விவசாயப் பண்ணைக்கு ‘எக்ஸ்ப்ளுவாத்தாசியோன் அக்ரிகோல்’ என்றுதான் எழுதுவார்கள். நம் ஆள் ஒருவர் அதைத் தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வேளாண் சுரண்டல்’ என்று வரும்! நிலத்தையோ சுரங்கத்தையோ பயன்படுத்துவதற்கு அந்தச் சொல் இருந்தது. நிலத்தை நடத்துவதுபோல மனிதனையும் நடத்துகிறார்கள் என்று சொல்லிக்காட்ட, 1829 வாக்கில் பாரிசில் சேன்-சிமோனின் சீடர்கள் அந்தச் சொல்லையே கையில் எடுத்தார்கள். பிறகு சோஷலிஸ்டுகள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சொல் இந்தியாவுக்கு வந்தபோது ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு படத்தைத் தேர்ந்தெடுத்தது. இந்தியில் ‘ஷோஷண்’ என்றார்கள். ஈரத்தை உறிஞ்சி வற்ற வைப்பது என்று பொருள். மலையாளத்தில் ‘சூஷணம்’, அதுவும் உறிஞ்சுவதுதான். இத்தனைக்கும் மலையாளத்தில் ‘சுரண்டுக’ என்ற வினை இருக்கிறது. ஆனாலும் அரசியலுக்கு அவர்கள் சமஸ்கிருதச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தெலுங்கில் ‘தோபிடி’, அதாவது கொள்ளை. நமக்குத் துணை எங்கே இருக்கிறது என்றால் கடலுக்கு அந்தப் பக்கம். சிங்களத்தில் ‘சூராகேம’ என்கிறார்கள். சுரண்டித் தின்பது என்று அதற்கு நேர்ப்பொருள். ஒரு தீவில் எத்தனையோ விஷயங்களில் முட்டிக்கொண்ட இரண்டு மொழிகள் இந்த ஒரு சொல்லில் ஒரே படத்தைப் பார்த்திருக்கின்றன.

உறிஞ்சல், கொள்ளை, சுரண்டல் என்ற மூன்றில் நம்முடையதுதான் விஷயத்துக்கு மிக நெருக்கமானது என்பது என் அபிப்பிராயம். தாய்மொழிப் பாசத்தில் சொல்லவில்லை. கொள்ளை என்பது ஒரே இரவில் நடப்பது. ஊருக்கே தெரியும், போலீஸ் வரும். சுரண்டல் அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் எடுப்பார்கள். வேலை முடிந்த பிறகு கால் மணி நேரம் கூடுதலாக நிற்க வைப்பது, பருத்தி மூட்டையின் எடையில் ஒரு கிலோவைக் கழிப்பது, முன்பணத்துக்கு வட்டி என்று வாரம் பத்து ரூபாய் பிடிப்பது. எதையும் தனியாகப் பார்த்தால் புகார் கொடுக்கும் அளவுக்கு இருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. நிறைந்த பானையை யாரும் சுரண்ட மாட்டார்கள், மொண்டு எடுப்பார்கள். அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கரண்டி சுரண்டும். ஆகவே, ஒருவனிடம் கடைசியாக ஒட்டிக்கொண்டிருப்பதை எடுப்பதுதான் சுரண்டல். இவ்வளவையும் சட்டி கழுவத் தெரிந்த யாருக்கும் விளக்கம் சொல்லாமல் அந்தச் சொல்லே புரியவைத்துவிடும்.

அதனால்தான் அது மேடையில் எடுபட்டது. கொங்கு நாட்டில் அதற்கு வேலையும் இருந்தது. 1888இல் கோவையில் முதல் நூற்பாலை வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் மளமளவென்று பெருகின. காட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் சங்குச் சத்தத்துக்கு வேலைக்குப் போனார்கள். 1925இல் ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ வரத் தொடங்கியது. அந்தப் பக்கம் சுயமரியாதைக்காரர்கள், இந்தப் பக்கம் ஆலைச் சங்கத்துக் கம்யூனிஸ்டுகள். இருவருக்கும் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் புரிகிற தமிழ் தேவைப்பட்டது. 1946 ஜனவரி 8ஆம் தேதி, கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர்கள் 4 பேர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். இன்றும் இடதுசாரிகள் அந்த நாளைத் தியாகிகள் தினமாக அனுசரிக்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் ‘சுரண்டல்’ என்ற சொல் இல்லாமல் எந்தப் பேச்சும் முடியாது.

சுரண்டுகிற கை எப்போதும் கெட்ட கை என்றும் சொல்ல முடியாது. வெயில் காலத்தில் உவர் பூத்த நிலத்தில் மேலே வெள்ளையாகப் படிந்திருப்பதைச் சுரண்டி எடுத்து, துணி வெளுக்கவும் உப்புக் காய்ச்சவும் பயன்படுத்தியவர்கள் நம் நாட்டில் உண்டு. வெள்ளைக்கார அரசாங்கம் உப்பைத் தன் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டு, 1882இல் உப்புச் சட்டம் போட்டு, அனுமதி இல்லாமல் உப்பு எடுப்பதையே குற்றமாக்கியது. 1930இல் காந்தி தண்டிக்கு நடந்தார். ராஜாஜி ஏப்ரல் 13ஆம் தேதி ஏறக்குறைய 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளினார், கைது செய்யப்பட்டார். தரையிலிருந்து ஒரு பிடி உப்பைச் சுரண்டியவன் குற்றவாளி; அந்த உப்புக்கு வரி போட்டு ஒரு தேசத்தையே சுரண்டியவர்கள் நீதிபதிகள். ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் நேருக்கு நேர் நின்ற இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

சுதந்திரம் வந்தது. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 23, 24ஆம் பிரிவுகளுக்குத் தமிழில் ‘சுரண்டலுக்கு எதிரான உரிமை’ என்று பெயர். மனிதரை விற்பதும் வாங்குவதும், கூலி கொடுக்காமல் வெட்டி வேலை வாங்குவதும் தடை செய்யப்பட்டன. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் வைத்து வேலை வாங்கக்கூடாது என்றார்கள். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டிக்குள் கரண்டி போட்ட சத்தத்தில் பிறந்த சொல் அரசியல் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ‘ஸ்கிரேப்’புக்கு அந்த யோகம் கிடைக்கவில்லை.

யோகம் சொல்லுக்குத்தான், மனிதர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்யாண வயதுப் பெண்களை 3 வருட ஒப்பந்தத்தில் ஆலை விடுதியிலேயே தங்க வைத்து, கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள், அது கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லிச் சேர்த்தார்கள். மூன்றாவது வருடம் முடிவதற்குள் உடம்பு முடியாமல் வீட்டுக்குத் திரும்பிய பெண்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதுண்டு. திட்டத்துக்கு வைத்த பெயர் மங்களகரமானது. நடந்ததற்கு ஊர் வைத்த பெயர் வேறு.

பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்ட வியாபாரம் ஒன்றும் இருந்தது: சுரண்டல் லாட்டரி. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1968இல் தமிழக அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. அதில் குலுக்கல் தேதி வரை காத்திருக்க வேண்டும். பின்னால் வந்த சுரண்டல் சீட்டில் காத்திருப்பும் இல்லை. பெட்டிக்கடை வாசலில் நின்றபடியே நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். இல்லையென்றால் இன்னொன்று வாங்கலாம். வாரக் கூலி வாங்கிய கையோடு விசைத்தறித் தொழிலாளி சீட்டைச் சுரண்டினார். சீட்டு அவரைச் சுரண்டியது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது.

இப்போது கணினிக்காரர்கள் ‘ஸ்கிரேப்பிங்’ என்று புதிதாக ஒன்றைச் சொல்கிறார்கள். இணையத்தில் நாம் போட்டு வைத்திருக்கும் தகவல்களை ஒரு நிரல் தானாகவே போய் வழித்து எடுத்து வருவதற்கு அந்தப் பெயர். ஆங்கிலக் காதுக்கு அது ஒரு சாதாரணத் தொழில்நுட்பச் சொல். அதையே தமிழில் ‘தரவுச் சுரண்டல்’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே குரல் மாறுகிறது. யாருடைய தரவு, யார் எடுத்தது, எடுத்தவருக்கு எவ்வளவு, கொடுத்தவருக்கு என்ன என்று வரிசையாகக் கேள்விகள் வருகின்றன. மொழிபெயர்ப்பாளர்கள் இதைத் தவிர்க்க ‘அகழ்தல்’, ‘திரட்டுதல்’ என்று சாதுவான சொற்களைத் தேடலாம். நான் அவர்களிடத்தில் இருந்தால் ‘சுரண்டல்’ என்றே விட்டுவிடுவேன்.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் களங்களில் கொப்பரை காய்ந்துகொண்டிருக்கும். பருப்பை எடுத்த பிறகு மிஞ்சும் தேங்காய்த் தொட்டியைக் கூட எறிவதில்லை. அதையும் சுட்டுக் கரியாக்கி விற்கிறார்கள். தேங்காய் அதற்காகவே விளைந்தது, அதைப் பற்றி யாருக்கும் வருத்தம் இல்லை. மனிதனையும் அதே கணக்கில் சேர்க்கிறார்கள் என்று தோன்றும்போது சொல்வதற்கு, நம் மொழியில் ஒரு சொல் தயாராக இருக்கிறது. அதற்கு அகராதி வேண்டாம். அடிப்பிடித்த சட்டி ஒன்றைக் கையில் பிடித்திருந்தால் போதும்.